மாமியாரும் மருமகனும் ஒரு குழாயும்

அடிபம்பு நின்று ஒன்பது நாளாகிவிட்டது. ஏன் நின்றது என்பது புவாண்டா ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்துபோய்விட்டது. அதை ஏன் இன்னும் மாற்றவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். அந்த இரண்டு பேர்தான் பம்பைப் போட்டுக் கொடுத்தவர்கள்.

ஸ்டக்கி அய்யாவும் ஸ்டக்கி அம்மாவும் எழுபதைத் தாண்டிய தம்பதி. அமெரிக்காவில் மாட்டுப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, தங்கள் கிறிஸ்தவ சபை அனுப்பிய இடத்துக்குச் சொந்தச் செலவில் வந்தவர்கள். காமுலி டவுனில் வாடகை வீடு எடுத்துத் தங்கி, ஒன்றரை வருஷத்தில் பதினோரு ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் விசித்திரம் கொஞ்சம் அதிகம். தேநீர் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள். காப்பியும் ஆகாது. எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போவார்கள். ஊர் இதைப் பற்றியெல்லாம் எதுவும் கேட்டதில்லை. விருந்தாளியின் வழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்பது அழகில்லை என்பது சோகா நாட்டு ஆட்களின் எண்ணம்.

அந்த மரியாதைதான் வினையாகிப் போனது.

பம்பைக் கழற்றி மாட்டுவது இரண்டு பேர் வேலை. குழாய் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு; அப்படிப் பதினோரு குழாய் ஒன்றோடொன்று திருகிக் கிணற்றுக்குள் தொங்கும். மேலே இருப்பதை ஒருவர் ஸ்பானரால் திருகிக் கழற்றும்போது, கீழே இருப்பது உள்ளே போய்விடாமல் இன்னொருவர் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவினால் குழாயெல்லாம் பாதாளத்துக்குப் போய்விடும், பிறகு கிணறே கிடையாது. பக்கத்து ஊரில் ஒருவன் பழகாத கையால் பிடித்து நழுவவிட்டான். அந்தக் கிணற்றடியில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். அதனால் புவாண்டாவில் பழகாத ஆள் எவனும் கிளாம்ப் பக்கமே வர மாட்டான்.

கிளாம்ப் பிடிக்கப் பழகியவள் நங்கோபி. ஸ்பானர் பிடிக்கப் பழகியவன் முகெம்போ. அவன் காமுலிச் சந்தையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, தலைநகர் கம்பாலாவுக்குப் போடாபோடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டப் போய்விட்டான். உடனே ஸ்டக்கி அய்யா வேறொரு கெட்டிக்காரனைத் தேடிப் பிடித்து, ஜின்ஜா நகருக்கு அனுப்பி இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, ஊர்க் கூட்டத்தில் தோளில் கைபோட்டு நிறுத்தினார். "இனிமே நங்கோபியும் மகும்பாவும்தான் உங்க பம்புக்குக் காவல்!" என்று ஸ்டக்கி அம்மா தன் உடைந்த சோகா மொழியில் அறிவித்துக் கைதட்டினாள். ஊரும் கைதட்டியது. தட்டிக்கொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகும்பா நங்கோபியின் மகள் கௌமாவைக் கட்டியவன்.

மாமியாரும் மருமகனும் எதிரெதிரே வரக் கூடாது. தப்பித் தவறி வழியில் வந்துவிட்டால் ஒருவர் வாழைத் தோப்புக்குள் ஒதுங்கிவிட வேண்டும். ஒரே கூரையின் கீழ் உட்காரக் கூடாது. பேரைச் சொல்லக் கூடாது. தோலோடு தோல் பட்டால் தொலைந்தது, ஒபுகோ வந்துவிடும். கை நடுங்கும், நடுங்கிக்கொண்டே இருக்கும். நங்கோபியின் பெரியம்மாவுக்கு அப்படி நடுங்கியது. கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்திவிடும். சின்ன வயதில் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நங்கோபி. மகளைக் கட்டிக்கொடுத்த இந்த ஆறு வருஷத்தில் மகும்பாவின் முதுகைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், அதுவும் தூரத்தில். அப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் நெற்றியோடு நெற்றி முட்டும்படி குனிந்து நின்று வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள்.

பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. இப்போது நின்றுவிட்டது. பெண்கள் பழையபடி மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு நாணல் சதுப்புக்குப் போகிறார்கள். கௌமாவும் போகிறாள், எட்டு மாத வயிற்றோடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு வயிற்றோடு அந்தச் சதுப்புத் தண்ணீரைக் குடித்து, டைபாய்டு வந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். காய்ச்சிக் குடி என்று சொல்வது சுலபம். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி எத்தனை கேன் காய்ச்சுவது? மகள் சதுப்புப் பாதையில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நங்கோபி கைவேலையைப் போட்டுவிட்டு, அவள் திரும்பி வரும்வரை வழியிலேயே நின்றாள்.

ஸ்டக்கி தம்பதி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் தடவை நங்கோபி முழங்கால் வலி என்றாள். இரண்டாம் தடவை மகும்பா ஊரில் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அவன் அப்போது பத்தடி தள்ளி ஒரு மாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஸ்டக்கி அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விமானம். அவர்களுக்குப் பதிலாக வேறு தம்பதி வர ஆறு மாதமாகும்.

பத்தாம் நாள் காலையில் நங்கோபி ஒரு முடிவுக்கு வந்தாள். பொறுப்பை விட்டுவிடுவது. முழங்காலையே காரணமாகச் சொல்லிவிட்டால் வேறு யாரையாவது பழக்கிவிட்டுப் போவார்கள். ஒரு வாரத்தில் எவளைப் பழக்குவது, அவள் பிடிப்பாளா விடுவாளா என்பதெல்லாம் அவளுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போக முடியாதே என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு காமுலிக்கு நடந்தாள்.

பாதி வழியில் ஸ்டக்கி அய்யாவின் வெள்ளைக் கார் பின்னால் வந்து நின்றது. அய்யா மட்டும் இருந்தார், அம்மாவுக்கு மலேரியா. நங்கோபிக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். சாக்கைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, முன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். அய்யா தேள் கொட்டியவர் போலத் தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டு கையையும் ஆட்டினார். தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த சோகா வார்த்தை நாலே நாலு. அந்த நாலும் வாழைப்பழம் வாங்கத்தான் உதவும்.

நங்கோபி காலை வெளியே எடுத்தாள். அய்யா நிம்மதியாக மூச்சு விட்டு, ஏறிக்கொண்டு, காரை நகர்த்தினார். அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் தேவலை. அவர் போகவில்லை. அவள் நடக்கிற வேகத்துக்குப் பின்னாலேயே நாலு கிலோமீட்டர் ஊர்ந்து வந்தார். காருக்குள் கிழங்கு ராணி மாதிரி உட்கார்ந்து வந்தது, வெளியே நங்கோபி வேர்த்து வழிந்தபடி நடந்தாள். சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் நிறுத்தி, "என்னக்கா, காரை மேய்க்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டு வராந்தாவில் ஸ்டக்கி அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தாள். நங்கோபி வந்த வேகத்தில் முழங்கால் வலியையெல்லாம் மறந்துவிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்கிட்ட நாத்தம் அடிக்குதா?"

"நாத்தம்? இல்லையே. ஏன்?"

"உங்க வீட்டுக்காரரு என் கெழங்க ஏத்திக்கிட்டாரு, என்னை ஏத்திக்கல. மாடு ஓட்டற மாதிரி பின்னாலேயே வந்தாரு. ரோட்டுல போறவனெல்லாம் சிரிக்கறான்!"

ஸ்டக்கி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்து வைத்தாள். "கோபம் வேண்டாம். எங்களுக்கு... சட்டம். இந்த ஊழியம் செய்யும் நாள் முழுக்க. ஆம்பள, தன் பொண்டாட்டி இல்லாத பொம்பளகூட, தனியா, கார்ல உக்காரக் கூடாது. மூடின ரூம்லயும் கூடாது. யாரா இருந்தாலும். கிழவியா இருந்தாலும்."

"எந்தப் பொம்பளையா இருந்தாலுமா?"

"எந்தப் பொம்பளையா இருந்தாலும்."

நங்கோபி வாயைத் திறந்தபடி நின்றாள். தோட்டத்தில் கிழங்குச் சாக்கோடு நின்றுகொண்டிருந்த அய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவசரமாக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், அச்சு அசலாக மகும்பா மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. லேசில் நிற்கிற சிரிப்பாக இல்லை. வராந்தாப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட பாவமே! எனக்காவது ஒரே ஒரு ஆளு. அவருக்கு உலகத்துல இருக்கற பொம்பளை எல்லாருமே மாமியாரா!"

"யாரு மாமியார்?" என்றாள் ஸ்டக்கி அம்மா.

அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. பேரைச் சொல்லாமல், "கௌமா வீட்டுக்காரரு" என்றே சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மாவின் கஞ்சிக் கிண்ணத்தைச் சொன்னாள். கௌமாவின் முதல் பிள்ளையையும் சொன்னாள்.

ஸ்டக்கி அம்மாவின் கண் கலங்கியது. "ஒரு வருஷமா? நாங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரே வேலைக்கு வெச்சோம், நீங்க எல்லாரும் கை தட்டினீங்க! ஏன் ஒருத்தர்கூட சொல்லல?"

"நீங்க ஏன் டீ குடிக்கலன்னு நாங்க கேட்டோமா?"

ஸ்டக்கி அம்மா கம்பளியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வராந்தாவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார். சிரிக்கவில்லை. கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். நங்கோபிக்கு அப்போதுதான் அந்த மனிதர் மேல் முதல் தடவையாக உண்மையான மதிப்பு வந்தது.

"எங்க சட்டத்துல, மூணாவது ஆளு ஒருத்தர் கூட இருந்தா சரியாப் போயிடும்னு கேக்கறார்," என்றாள் அம்மா. "உங்களுக்கு?"

"மூணாவது ஆளு போதாது. நடுவுல மறைப்பு இருந்தா பேசலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். ஆனா மொகம் தெரியக் கூடாது, கை படக் கூடாது."

கிளாம்பை நானே பிடிக்கிறேனே என்றார் அய்யா. அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவருடைய தோள்பட்டையில் இரண்டு தடவை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தண்ணீர்க் குவளையையே இடது கையால்தான் தூக்குவார். கடைசியில் ஒரு கோரைப் பாயும், இரண்டு கழியும், நடுவில் கௌமாவும் என்று முடிவானது. திரும்பும்போது அம்மாவும் கம்பளியோடு காரில் ஏறிக்கொண்டதால் நங்கோபி உட்கார்ந்து வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஊரே பம்படியில் கூடிவிட்டது. இரண்டு பெண்கள் பாயை இரண்டு கழியில் கட்டி, இடுப்புக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். பாய்க்கு இந்தப் பக்கம் கிளாம்போடு நங்கோபி. அந்தப் பக்கம் ஸ்பானரோடு மகும்பா. பாய்க்குக் கீழே நாலு கையும் ஒரு குழாயும் மட்டும் தெரிந்தன. பாயின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரியும்படி, கௌமா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

நங்கோபி தொண்டையைச் செருமினாள். "கௌமா, ஒரே குழாய ரெண்டு பேரும் பிடிச்சா அது தொட்ட மாதிரியா, தொடாத மாதிரியான்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு."

கௌமா வாயைத் திறப்பதற்குள் பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அத்தைகிட்ட சொல்லு, நான் ஜின்ஜாவுல ரெண்டு வாரம் படிச்சவன். இரும்புல கரண்டுதான் பாயும். வேற எதுவும் பாயாது."

கூட்டம் சிரித்தது. நங்கோபியும் பாய்க்குப் பின்னால் சிரித்துக்கொண்டாள். மருமகனுக்கு வாய் இருக்கிறது என்பது ஆறு வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. இருந்தாலும் ஒரு பழந்துணியைக் குழாயில் சுற்றித்தான் பிடித்தாள். எதற்கும் இருக்கட்டும்.

வேலை நன்றாகவே போனது. "இறுக்கியாச்சுன்னு சொல்லு" என்பாள் இவள். "திருகறேன்னு சொல்லு" என்பான் அவன். கௌமா முதல் இரண்டு குழாய்க்குச் செய்தியை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாவதிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். ஸ்டக்கி அம்மா காய்ச்சல் விட்ட முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அய்யா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, யோசனை சொல்லத் துடித்த வாயை மூடிக்கொண்டு நின்றார். ஆறு குழாய் வெளியே வந்து புல்லில் படுத்துக்கொண்டன.

ஏழாவதில் கிணற்றுச் சேறு அப்பியிருந்தது. நங்கோபி கிளாம்பை இறக்கி மாட்டப்போன நேரம், அவள் சுற்றியிருந்த அந்தப் பழந்துணியே கிளாம்பின் வாயில் சிக்கியது. இறுக்கம் விட்டது. மிச்சமிருந்த குழாயெல்லாம் ஒரு உறுமலோடு கீழே நழுவின. மகும்பா ஸ்பானரைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்தான். அது அவன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு இறங்கியது. ஒரு முழம் போனது. இன்னொரு சாண் போனது. பாய்க்குக் கீழே அந்த இரண்டு கையும் கிணற்று வாயை நெருங்குவதை நங்கோபி பார்த்தாள். சதுப்புப் பாதையில் இறங்கும் கௌமாவின் முதுகும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

குனிந்து பிடித்தாள். குழாயில் பிடிக்க வேறு இடம் இல்லை. அவன் கை மேல்தான் பிடித்தாள்.

குழாய் நின்றது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாலு கையும் ஒரே கட்டாக, அப்படியே நின்றார்கள். பாயின் ஓரத்தில் நின்ற கௌமாதான் முதலில் அசைந்தாள். ஆறு குழாய்க்கும் அம்மா என்ன செய்தாள் என்று பார்த்துக்கொண்டே நின்றவள் அல்லவா? வயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து மண்டியிட்டு, துணியை உருவி எறிந்து, கிளாம்பை மாட்டித் திருகினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. "விடலாம்மா," என்றாள். "ஏங்க, விடலாம்."

நங்கோபி கையை எடுத்தாள். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நிமிர்ந்தாள்.

ஒரு முகமும் தெரியவில்லை. அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். கிழவர்கள் மாமரத்தில் பிஞ்சு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளின் தலையைத் திருப்பித் தங்கள் மடியில் அழுத்தியிருந்தார்கள். பாய் பிடித்த இருவரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள், ஆனால் பாயை ஒரு அங்குலம்கூட இறக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக விருந்தாளியிடம் வாயைத் திறக்காத ஊர், இப்போது தன் மனுஷிக்காகக் கண்ணை மூடிக்கொண்டது.

ஸ்டக்கி அம்மா மட்டும் பதறி எழுந்து, "வெர்லன், பார்த்தீங்களா? கை—" என்று கணவரிடம் தொடங்கினாள். ஸ்டக்கி அய்யா கட்டிய கையை அவிழ்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

"வெயில்ல கண்ணு கூசுது, லரே. எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் மனைவியிடம்.

வானம் மூட்டமாகத்தான் இருந்தது. அம்மா ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு அவளும் மாமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்ச வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். வாஷர் மாறியது, பதினோரு குழாயும் உள்ளே போயின, கைப்பிடி பூட்டியாகிவிட்டது. கௌமாதான் அடித்தாள். இருபது தடவை அடிக்கும்வரை வெறும் காற்று. பிறகு கலங்கலாக ஒரு வாய். பிறகு தண்ணீர், கண்ணாடி மாதிரி. ஊர் கத்திய கத்தலில் சதுப்பிலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன.

நங்கோபி கத்தவில்லை. பாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது. அவ்வளவு கனத்தைத் தாங்கிய எந்தக் கைதான் நடுங்காது? பெரியம்மாவுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்ததா என்று யாரிடம் கேட்பது? பயமாகத்தான் இருந்தது. ஆனால் பாய்க்கு மேலாகக் கௌமாவின் தலை ஏறி இறங்குவது தெரிந்தது, பம்பு அடிக்கிற தலை. அதைப் பார்க்கப் பார்க்க, வருவது வரட்டும் என்று இருந்தது.

ஊர் பார்க்கவில்லை. ஊர் ஒரு நாளும் பார்த்ததாகச் சொல்லாது. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் பாய்க்கு அந்தப் பக்கத்தில் ஒருவன் உரிந்த கையோடு உட்கார்ந்திருக்கிறானே.

"கௌமா," என்றாள் நங்கோபி. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. ரெண்டு உள்ளங்கையிலயும் தோல் வழண்டு போச்சு. எண்ணெய் போட்டுத் துணி சுத்தச் சொல்லு. ரெண்டு நாளைக்கு மண்வெட்டி பிடிக்க வேண்டாம்னு சொல்லு."

கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது.

"அத்தைகிட்ட சொல்லு," என்றான் மகும்பா. "அவங்க கை கெட்டிக் கை. அது இல்லன்னா நான் விட்டிருப்பேன்னு சொல்லு."

நடுவில் நின்ற கௌமா அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கேட்டாகிவிட்ட செய்தியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குவளையில் தண்ணீர் பிடித்து, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள்.